விளக்கு எரிந்தது, பெட்டி ஓடவில்லை

இப்போதெல்லாம் யாரும் எதையும் திறந்து பார்ப்பதில்லை. வெளியே மழையா என்று கேட்டால் ஒருத்தன் போனைத் தடவிப் பார்த்துச் சொல்கிறான். ஜன்னல் அவன் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பால் கெட்டுவிட்டதா என்று கேட்டால் டப்பாவில் தேதியைப் படிக்கிறான். மூக்கு எதற்கு இருக்கிறதோ தெரியவில்லை. இளசுகள்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எழுபத்தேழு வயது நெஸ்டர் பவ்லிச்சும் இதே ஜாதிதான் என்று அந்த ஏப்ரல் வியாழக்கிழமை காலையில் தெரிந்தது.

"தினமும் பார்த்தேன் புரோகோப். ஒரு நாள் விடாம பார்த்தேன்" என்றான் நெஸ்டர்.

"எதைப் பார்த்தே?"

"லைட்டை."

"நான் ஃப்ரீசரைக் கேட்டேன்."



கனடாவில் யார்க்டன் ஊருக்கு வடக்கே, அவன் வீட்டுப் பின்பக்கத்து கராஜ் வாசலில் நின்றிருந்தோம். பனி உருகி முற்றம் முழுக்கச் சேறு. கராஜ் சுவரோரம் பதினொரு ஐஸ்கிரீம் வாளிகள் வரிசையாக இருந்தன. மூடிகளில் ஒட்டிய டேப்பில் அவன் மனைவி ஸ்டெஃபாவின் கையெழுத்து. உருளைக்கிழங்கு பெரோகிக் கொழுக்கட்டை. முட்டைக்கோஸ் சுருள். சாஸ்கட்டூன் பழம். பக்கத்தில் ஒரு தொட்டி நிறைய மான் சாசேஜ். எல்லாம் அழுகிப்போயிருந்தது. டோரீன் காரை நிறுத்துவதற்கு முன்பே நாற்றம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

நான் துப்பறிகிறவன், டோரீன் என் உதவியாளர். இருபத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். கண்ணில் புரை வந்து என் லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்ட பிறகு அவள்தான் என் வண்டியை ஓட்டுகிறாள். வண்டிக்கு பிரேக் பிடிக்கத் தெரியும், வாய்க்குத் தெரியாது. அன்றைக்கு அவளே மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு நின்றாள்.

ஸ்டெஃபா ஜனவரியில் இறந்துபோனாள். போவதற்கு முன் அவள் கையால் செய்து உறைய வைத்ததெல்லாம் இதுதான். நெஸ்டர் அதைத் தொடாமல் வைத்திருந்தான். ஈஸ்டருக்கு ஒரு வாளி, அவள் பிறந்த நாளுக்கு ஒரு வாளி, வருகிற கிறிஸ்துமஸுக்கு ஒரு வாளி என்று மனதில் பிரித்து வைத்திருந்தானாம். மூடியைத் திறக்கவே கை வரவில்லையாம். ஈஸ்டருக்குச் சர்ச்சுக்குக் கொண்டுபோகும் கூடையில் வைக்க ஒரு சாசேஜ் எடுக்கலாமென்று செவ்வாய்க்கிழமைதான் முதல்முறையாகத் திறந்திருக்கிறான்.

"இனிமே அவ கை ருசி இந்த உலகத்துல எங்கேயும் கிடையாது" என்றான். அழுதான். நான் அழுகிறவர்களை அவசரப்பட்டு நம்புவதில்லை. என்றாலும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

கராஜுக்குள் போனோம். ஜன்னலில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ரொம்ப வருடத்துக்கு முன் ஒரு கோடையில் பியூஸ் போய், தெரியாமலே அரை மூஸ் மான் கெட்டுப்போனதாம். அன்றைக்கு மாட்டிய விளக்கு. ஃப்ரீசர் மாட்டியிருக்கும் அதே பிளக் பாயிண்டில் விளக்கும் இருக்கும். கரண்ட் போனால் விளக்கும் அணையும். சமையலறையிலிருந்து பார்த்தாலே தெரிந்துவிடும். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் இந்த ஏற்பாடு உண்டு. எனக்கு இதில் என்றைக்கும் நம்பிக்கை இல்லை. கரண்ட் இருக்கிறது என்று மட்டும்தான் விளக்கு சொல்லும். ஃப்ரீசர் ஓடுகிறது என்று அது யாரிடமும் சொன்னதில்லை.

"இருபது வருஷம் காப்பாத்துச்சு" என்றான் நெஸ்டர்.

"இருபது வருஷம் யாரும் பிளக்கைப் புடுங்கல. அதான்" என்றேன்.

கராஜில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் இரண்டு வாய். மேல் வாயில் விளக்கு. கீழ் வாயில் ஃப்ரீசர் இருக்க வேண்டும். நெஸ்டர் செவ்வாய்க்கிழமை பார்த்தபோது கீழ் வாயில் ஃப்ரீசருக்குப் பதில் ஒரு ஆரஞ்சு நிற எக்ஸ்டென்ஷன் வயர் மாட்டியிருந்ததாம். அதன் மறுமுனை கதவுக்கு அடியில் நுழைந்து வெளியே போயிருந்தது. ஃப்ரீசரின் பிளக் சுவர் ஆணியில் தொங்கியதாம். அவன் பதறிப்போய் ஆரஞ்சு வயரைப் பிடுங்கிவிட்டு ஃப்ரீசரை மாட்டியிருக்கிறான். இப்போது அது வெறும் வயிற்றோடு உறுமிக்கொண்டிருந்தது.

"யார் செஞ்சதுன்னு நான் உன்கிட்ட கேட்கல" என்றான் நெஸ்டர். "யாருன்னு எனக்குத் தெரியும். கர்ட்டிஸ். ரெண்டு வாரம் முன்னாடி ஏணி எடுக்க வந்தான். லாரிசாவைக் கூட்டிட்டு பிரிட்டிஷ் கொலம்பியா போறேன், அங்க வேலை கிடைச்சிருச்சுன்னான். சரியான வாய்ச்சண்டை. போற போக்குல புடுங்கிவிட்டுட்டான்."

கர்ட்டிஸ் அவன் மருமகன். லாரிசா ஒரே மகள்.

"அப்ப என்னை எதுக்குக் கூப்பிட்டே?"

"சனிக்கிழமை கிளம்புறாங்க. அதுக்குள்ள நீ எழுதிக் கொடு, உன் கையெழுத்துப் போட்டு. நான் சொன்னா அவ நம்பல. நீ எழுதினா ஊரே நம்பும். யாரைக் கட்டியிருக்கோம்னு அவ தெரிஞ்சுக்கட்டும். தெரிஞ்சும் அவன் பக்கம் நின்னான்னா, போனவ போனவதான். என் சாவுக்கும் வரவேண்டாம்."

டோரீன் ஃப்ரீசர் மூடியை இரண்டு விரலால் தூக்கி, உடனே விட்டாள்.

"ரெண்டு வாரம் முன்னாடியா?" என்றாள். "அன்னைக்கு பனியெல்லாம் உருகுற மாதிரி பிளஸ் ஆறு டிகிரி வெயிலு. நான் ஸ்வெட்டர் இல்லாம துணி காயப்போட்டேன். என் உடம்பைப் பார்த்து நாய் குரைச்சுது. அந்த வெயில்ல யாராவது வண்டிக்கு வயர் மாட்டுவாங்களா?"

அவள் சொன்னது சரி. ஆரஞ்சு வயருக்கு எங்கள் ஊரில் ஒரே வேலைதான். குளிர் மைனஸ் இருபதுக்குக் கீழே போனால் எஞ்சின் எண்ணெய் தார் மாதிரி இறுகிவிடும். ராத்திரி முழுக்க வண்டியின் மூக்கில் தொங்கும் ஹீட்டர் வயரைக் கரண்டில் மாட்டி வைத்தால்தான் காலையில் வண்டி எழும்பும். வெயில் காலத்தில் அதைச் செய்கிறவன் பைத்தியக்காரன்.

"அப்ப இது குளிர்ல புடுங்கினது" என்றேன். "ஜனவரி, இல்லைன்னா பிப்ரவரி."

"அப்பவே கெட்டுப்போயிருக்காதா?" என்றான் நெஸ்டர்.

"எப்படிக் கெடும்? உன் கராஜே மார்ச் பாதி வரைக்கும் ஃப்ரீசர்தான். பிளக் இருந்தாலும் ஒண்ணு, இல்லைன்னாலும் ஒண்ணு. பனி உருகினப்பதான் இதுவும் உருகியிருக்கு. நீ உள்ளே வந்து மூடியத் தூக்கியிருந்தா பிப்ரவரியிலயே ஃப்ரீசர் ஊமையா கிடக்குறது தெரிஞ்சிருக்கும். நீதான் லைட்டைப் பார்த்துக்கிட்டிருந்தியே."

சொல்லியிருக்க வேண்டாம். நெஸ்டரின் முகம் ஒரு நொடி செத்துப்போனது. மறுநொடி அதில் ஒரு வெளிச்சம் வந்தது. எனக்குப் பிடிக்காத வெளிச்சம்.

"சாவுக்கு வந்தானே!" என்றான். "இருபத்தாறாம் தேதி துணைக்குத் தங்க வந்தான். மூணு ராத்திரி இருந்தான். வண்டியக் கராஜ் பக்கத்துல நிறுத்தி இந்த ஆரஞ்சு வயரைத்தான் மாட்டினான். சமையல் ரூம் ஜன்னல் வழியா என் கண்ணால பார்த்தேன் புரோகோப்! அவ உடம்பு இன்னும் மண்ணுக்குள்ள போகல. அவன் அவ சமைச்சதைப் புடுங்கிட்டு வண்டியச் சூடாக்கியிருக்கான்!"

அவனை காபி போடச் சொல்லி வீட்டுக்குள் அனுப்பினேன். யாரையாவது தூக்கில் போடத் துடிக்கிறவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எதையும் தேட முடியாது.

ஆணியைப் பார்த்தேன். பிளக்கைப் பிடுங்குகிற ஆம்பளை அதைத் தரையில் போடுவான். ஆணியில் மாட்டுகிறவன் யார்?

"பின்னாடி ஏதோ கிடக்கு" என்றாள் டோரீன். ஃப்ரீசருக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டு, ஒரு ரொட்டிப் பையை இழுத்து எடுத்தாள். வெறும் பிளாஸ்டிக் பை. திராட்சை ரொட்டி வந்த பை. வாயைக் கட்டும் சின்ன பிளாஸ்டிக் கிளிப் இன்னும் அதிலேயே இருந்தது. பைக்குள் பிளக்கின் மூன்று கால்களும் அழுத்திய தடம் தெரிந்தது.

"பிளக்குக்குச் சட்டை போட்டிருக்காங்க" என்றாள். "எனக்கு என் புருஷன் ஒரு கையுறை கூட வாங்கிக் கொடுத்ததில்ல."

பனி ஏறாமல் பிளக்கைப் பையில் சுற்றி, கிளிப் போட்டு, ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார்கள். நெஸ்டர் பதற்றத்தில் பிய்த்து எறிந்திருக்கிறான். கிளிப்பில் ரொட்டி எந்தத் தேதிக்குள் தின்ன வேண்டும் என்று அச்சடித்திருப்பார்கள். என் கண்ணுக்குத் தெரியவில்லை. டோரீன் படித்தாள். ஜனவரி இருபத்து மூன்று.

பையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

கர்ட்டிஸ் வாடகைக்கு இருந்த வீடு ஊருக்குள், தானியக் கிடங்குக்கு எதிரே. பத்து நிமிட ஓட்டம்.

"பெரியவரே, இந்த மருமகன் செஞ்சிருப்பான்னு நினைக்கிறீங்களா?"

"மருமகன், மகன், பாதிரியார், எவனும் செஞ்சிருப்பான்."

"நான்?"

"உன்கிட்ட அன்னைக்கு வண்டி எங்க இருந்துச்சுன்னு இன்னும் கேட்கல."

அவள் சிரித்தாள். வீட்டு வாசலில் காரை நிறுத்தியவள் சிரிப்பை நிறுத்தினாள். ஸ்டீயரிங்கை விடாமல் மோவாயால் காட்டினாள். கர்ட்டிஸின் டிரக் நின்றுகொண்டிருந்தது. அதன் மூக்கில் தொங்கும் ஹீட்டர் வயரின் நுனியில் ஒரு ரொட்டிப் பை சுற்றியிருந்தது. திராட்சை ரொட்டி. கிளிப் போட்டிருந்தது.

"மாட்டிக்கிட்டான்" என்றாள் டோரீன். "திருடன் கையுறையை வாசல்லயே காயப்போட்டிருக்கான். என்னடா இது, மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சு."

எனக்கும் அப்படித்தான் பட்டது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கர்ட்டிஸ் வெல்டிங் செய்கிறவன். கதவு நிறைய ஆள். வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். லாரிசா கடைக்குப் போயிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"மாமா அனுப்பினாரா?"

"சாவுக்கு வந்தப்ப வண்டிய எங்க மாட்டினே?" என்றேன்.

"கராஜ்கிட்ட. வயரோட வாய் கதவுக்கு வெளிய பனியில கிடந்துச்சு. எடுத்து மாட்டினேன்."

"கராஜுக்குள்ள போகாமயா?"

"பூட்டியிருந்துச்சு. சாவி சமையல் ரூம்ல தொங்கும். அந்த மூணு நாள்ல அந்த மனுஷன்கிட்ட போய் சாவி கேட்குற தைரியம் எனக்கு இல்ல. வயர்ல கரண்ட் வந்துச்சு. மாட்டினேன். கிளம்புறப்ப சுருட்டி வச்சேன். அவ்வளவுதான்."

"அழகாச் சொல்றீங்க தம்பி" என்றாள் டோரீன். "அப்ப உங்க வண்டி மூக்குல இருக்குற ரொட்டிப் பை?"

"அதுவா? அத்தை போட்டது."

"யாரு?"

"ஸ்டெஃபா அத்தை. எப்ப போனாலும் போட்டுவிடுவாங்க. பிளக்குல பனி புகுந்தா கரண்ட் அடிக்கும்பாங்க. கிறிஸ்துமஸுக்குப் போனப்ப போட்டது. கழட்ட மனசு வரல." அவன் கீழே பார்த்தான். "அந்த ரொட்டிய அந்த வீட்டுல அவங்க ஒருத்தர்தான் சாப்பிடுவாங்க. மாமா திராட்சையப் பார்த்தா ஈ செத்துக் கிடக்குதும்பார்."

டோரீன் என்னைப் பார்த்தாள். நான் சட்டைப்பையிலிருந்து பையை எடுத்து அட்டைப்பெட்டி மேல் வைத்தேன். எங்கே கிடைத்தது என்று சொன்னேன்.

கர்ட்டிஸ் அதை எடுத்தான். பெரிய விரல்களால் கிளிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஜனவரி இருபத்து மூணு" என்றான். "இந்த ரொட்டிக்கு ஒரு வாரம்தான் தேதி இருக்கும். வெள்ளிக்கிழமைதான் அத்தை கடைக்குப் போவாங்க. வெள்ளிக்கிழமை பதினாறு. பத்தொன்பது காலையில அவங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயாச்சு. நாங்க இருபத்தாறாம் தேதிதான் அங்க தங்க வந்தோம். அதுக்கு முன்னாடியே..."

அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தான். உள்ளே தட்டு ஏதோ உடைந்த சத்தம் கேட்டது. அவன் எழுந்திருக்கவில்லை. முப்பது வருடமாக நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். அன்றைக்கு எனக்கு முன்னால் ஒரு வெல்டருக்குப் புரிந்துவிட்டது.

"மாமாகிட்ட சொல்லாதீங்க" என்றான்.

"எதைச் சொல்லக் கூடாது?"

"உங்களுக்கே தெரியும். நான்தான் புடுங்கினேன்னு எழுதிக் கொடுங்க. நான் கையெழுத்துப் போடுறேன். எப்படியும் சனிக்கிழமை போறோம். லாரிசாகிட்ட நான் பேசிக்கிறேன். அவர் என்னைத் திட்டிட்டுப் போகட்டும். எனக்குப் பழக்கம்தான். அவருக்கு திட்டுறதுக்கு ஒரு ஆள் வேணும்."

"அவருக்குப் பொண்ணு போயிடுமே" என்றாள் டோரீன். இந்தத் தடவை கிண்டல் இல்லை.

தானாக வந்து பழியைத் தலையில் போட்டுக்கொள்கிறவனைக் கண்டால் எனக்கு உடம்பு அரிக்கும். ஆனால் அவனிடம் எவ்வளவு தேடியும் உள்நோக்கம் எதுவும் கிடைக்கவில்லை. பையை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

திரும்புகிற வழியில் டோரீன் காரைச் சாலையோரம் நிறுத்தினாள்.

"சொல்லாதீங்க பெரியவரே."

"யார் செஞ்சதுன்னு கண்டுபிடிக்கத்தான் கூப்பிட்டான்."

"அவர் கூப்பிட்டது மருமகனை மாட்டிவைக்க."

"அதுக்கு நான் ஆள் இல்ல. வண்டிய எடு."

நெஸ்டர் சமையலறையில் உட்கார்ந்திருந்தான். மூன்று கோப்பைகளில் காபி ஆறிப்போயிருந்தது. மேஜை மேல் எனக்காக ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் வைத்திருந்தான்.

"ஒத்துக்கிட்டானா?"

"ஒத்துக்கிட்டான்" என்றேன். "நான் நம்பல. பத்தொன்பதாம் தேதி காலையில எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?"

"அது எதுக்கு இப்ப?"

"கேட்டதுக்குச் சொல்லு."

"ஆறரைக்கு. எட்டு மணிக்கு ஸ்கேன். ஒரு வாரமா அவளுக்கு மூச்சு வாங்கிட்டே இருந்துச்சு. மைனஸ் முப்பத்தெட்டு அன்னைக்கு."

"வண்டி எழும்புச்சா?"

"முதல் தடவையே."

"மாட்டியிருந்தே?"

"மாட்டாம எப்படி எழும்பும்? காலையில வயரை நான்தானே புடுங்கினேன்."

"எந்த வயரை?"

"எப்பவும் மாட்டுற..." நின்றான். "இல்ல. வீட்டுப் பக்கம் பனி குவிஞ்சு கிடந்துச்சு. முந்தின நாள் கராஜ்கிட்ட நிறுத்திட்டேன். வீட்டுச் செவத்து வயர் அங்க எட்டாது."

"அப்ப நீ புடுங்கினது எங்கிருந்து வந்த வயர்?"

அவன் ஜன்னல் வழியாகக் கராஜைப் பார்த்தான்.

"கதவுக்கு அடியில இருந்து" என்றான். "ஆரஞ்சு வயர்."

"ராத்திரி நீ கராஜுக்குள்ள போனியா?"

அவன் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தான். அந்தக் கை போனதா இல்லையா என்று அதையே கேட்பது போல இருந்தது.

"தினமும் பொழுது சாயுறப்ப நான் மாட்டுறதுதானே. அன்னைக்கும் நான்தான் மாட்டியிருப்பேன்னு..." குரல் உள்ளே போனது. "டிசம்பர்ல ஐஸ்ல விழுந்தேன். அதுக்கப்புறம் இருட்டினா அவ என்னை வெளிய விடமாட்டா. அன்னைக்கு அவ இருமிட்டே இருந்தா. மருந்து கொடுத்துட்டு அப்படியே தூங்கிட்டேன். வண்டிய மறந்துட்டேன், புரோகோப். மாட்டவே இல்ல."

ரொட்டிப் பையை மேஜை மேல் வைத்தேன். அவன் அதைத் தொடாமல் ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் கிளிப்பின் மேல் ஒரு விரலை வைத்தான்.

"லைட்டைப் புடுங்கியிருக்கலாமே" என்றான் மெதுவாக. "ரெண்டு வாய் இருக்கே. லைட்டைப் புடுங்கிட்டு வண்டிய மாட்டியிருந்தா ஃப்ரீசர் ஓடியிருக்கும். எதுவும் கெட்டிருக்காது. ஏன் அவ லைட்டைப் புடுங்கல?"

டோரீன் வாயைத் திறந்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அவன் என்னிடம் கேட்கவில்லை.

"ராத்திரி மூணு தடவை எழுந்திருப்பேன்" என்றான். "ஒவ்வொரு தடவையும் இந்த ஜன்னல் வழியா பார்ப்பேன். லைட் இல்லைன்னா பதறிப்போய் வெளிய ஓடியிருப்பேன். அந்த ஐஸ்ல. அவளுக்குத் தெரியும்." கண்ணைத் துடைக்கவில்லை, அது பாட்டுக்கு வழிந்தது. "மைனஸ் முப்பத்தெட்டுல ஃப்ரீசருக்கு எதுக்குக் கரண்ட்னு நினைச்சிருப்பா. ஸ்கேன் எடுத்துட்டு வந்து மாட்டிக்கலாம்னு பையச் சுத்தி வச்சிருக்கா. அவ வரல. அஞ்சாம் நாள் போயிட்டா. நான் தினமும் லைட்டைப் பார்த்துட்டு, எல்லாம் பத்திரமா இருக்குன்னு படுத்தேன்."

நிமிர்ந்தான்.

"வெளிய பத்து நிமிஷம் இருந்திருப்பாளா?"

"பூட்டைத் திறக்கணும். வயரை இழுக்கணும்" என்றேன்.

"அந்த மூச்சோட. அந்தக் குளிர்ல." என் சட்டையைப் பிடித்தான். "அதுதான் அவளைக் கொன்னுச்சா?"

டோரீன் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். "இதயத்துல வால்வு கோளாறுன்னுதானே டாக்டர் சொன்னார்" என்றாள். "அது வருஷக்கணக்கா இருந்ததுங்க. குளிருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

நெஸ்டர் அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான். ஊரே நம்பும் என்று அவனே சொன்ன ஆள் நான்தான்.

"எனக்குத் தெரியாது நெஸ்டர்" என்றேன்.

சட்டையை விட்டான். வெள்ளைத் தாளை மடித்தான், மறுபடி மடித்தான், தீப்பெட்டி அளவுக்கு ஆகும் வரை மடித்தான். அப்புறம் எழுந்து போய்ச் சுவரில் இருந்த போனை எடுத்தான். மகளுக்குத்தான் பேசப்போகிறான் என்று நினைத்தேன்.

"கர்ட்டிஸ்" என்றான். "வண்டிய எடுத்துட்டு வா. மண்வெட்டி கொண்டுவா. வாளியெல்லாம் புதைக்கணும். மேல சேறு, அடியில மண்ணு இன்னும் கல்லாத்தான் இருக்கு. எனக்கு ஒத்தையா முடியாது." அந்தப் பக்கம் என்ன சொன்னானோ தெரியாது. "ஆமா, புரோகோப் சொல்லிட்டாரு. நீ வா. அவளையும் கூட்டிட்டு வா."

அரை மணி நேரத்தில் டிரக் வந்தது. லாரிசா இறங்கி ஓடிவந்தாள். அப்பாவும் மகளும் சேற்றில் நின்று கட்டிக்கொண்டார்கள். கர்ட்டிஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேலிப்பக்கம் போய்க் குழி தோண்ட ஆரம்பித்தான். நெஸ்டர் போய் அவன் தோளில் கையை வைத்தான். கர்ட்டிஸ் இன்னொரு மண்வெட்டியை மாமனாரிடம் கொடுத்தான்.

புதைப்பதற்கு முன் லாரிசா ஒவ்வொரு மூடியிலிருந்தும் டேப்பை மெதுவாக உரித்தாள். அம்மாவின் எழுத்து கிழியாமல் நகத்தால் உரித்து, தன் கோட்டுக் கையில் வரிசையாக ஒட்டிக்கொண்டாள். பெரோகி. முட்டைக்கோஸ் சுருள். பழம். பெரோகி.

"ஈஸ்டர் முடிஞ்சுதான் போறாங்களாம்" என்று டோரீன் ஓடிவந்து சொன்னாள். மூக்கு சிவந்திருந்தது. "ஒன்பது நாள் இங்கதான் இருப்பாங்களாம். லாரிசா சொன்னா. பார்த்தீங்களா பெரியவரே? நான் சொல்லாதீங்கன்னேன். நீங்க சொன்னதுதான் சரி. ஒத்துக்கிறேன். வாழ்க்கையில ஒரு தடவை ஒத்துக்கிறேன், எழுதி வச்சுக்கோங்க."

நான் நெஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்வெட்டியை ஊன்றிவிட்டு அவன் சமையலறை வாசலுக்குப் போயிருந்தான். அங்கிருந்து கராஜ் கதவை நோக்கி நடந்தான். சின்னச் சின்ன அடியாக, மூச்சு வாங்குகிற பொம்பளை நடக்கிற மாதிரி. வினாடிகளை எண்ணுகிற முணுமுணுப்பு என் காதில் விழுந்தது. கதவைத் தொட்டான். திரும்பி வாசலுக்கு வந்தான். மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தான். மகளும் மருமகனும் குழியில் குனிந்திருந்தார்கள். அவர்கள் பார்க்கவில்லை.

நான் தொப்பியைப் போட்டுக்கொண்டு சாலைக்கு வந்து நடக்க ஆரம்பித்தேன். டோரீன் காரை எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே மெல்ல ஓட்டி வந்தாள்.

"ஏறுங்க. ஊருக்கு ஆறு மைல்."

"நடக்கிறேன்."

"பொண்ணு வந்தாச்சு. மருமகன் கூட வேலை பார்க்கிறாரு. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணும் வேணாம்."

"நல்லதுதானே நடந்துச்சு?"

"உனக்கு அப்படித் தெரியுதா?"

அவள் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் நடந்துகொண்டே இருந்தேன்.